சால்வைக்குக் கீழ விலை பேசின காடு

1

எனக்கு எழுபத்தாறு வயசு. கடதாசியில எழுபத்துநாலு. பிறப்பைப் பதிஞ்ச விதானையார் தன்ர கையால ரெண்டு வயசைக் குறைச்சு எழுதினவர். இஞ்ச வந்து திருத்தப் போனால் ஒன்பது அரசாங்கக் கந்தோர் ஏறவேணும் எண்டாங்கள். இருக்கட்டும் எண்டு விட்டிட்டன். பெத்தது ஐஞ்சு, வளத்தது ஏழு. மற்ற ரெண்டும் என்ர தங்கச்சி விட்டிட்டுப் போன பிள்ளையள். ஏழு பேரையும் ஒருத்தற்ர வாசல்லயும் போய் நிக்காமல் வளத்தனான். அதை முதல்ல எழுதிப்போட்டுத்தான் மிச்சத்தை எழுதுவன்.

நான் மூண்டாம் வகுப்பு. எழுத்து ஆட்டுக்குட்டி மாதிரி அங்கயும் இங்கயும் ஓடும். ஆனால் இந்தக் கதையை வேற ஆரும் எழுதித் தரவேண்டாம் எண்டு மகனுக்குச் சொல்லிப்போட்டன்.

நாங்கள் இருக்கிறது அவுஸ்திரேலியாவில, மெல்பேணில இருந்து ரெண்டு மணித்தியால ஓட்டத்தில ஒரு சின்ன ஊர். மகன் இராசன் பால் பக்டறியில வேலை. வீட்டுக்குப் பின்னால கம்பிவேலி. வேலிக்கு அங்கால மார்கிறெற்றின்ர காணி. மார்கிறெற் என்னைவிட ரெண்டொரு வயசு இளமை, புருசன் இல்லை, நெடுத்த மனுசி. அவாவின்ர காணியில முன்பக்கம் புல்லு, பின்பக்கம் காடு. அந்தக் காட்டு மரங்கள் தோலை உரிச்சுத் தொங்கவிட்டுக்கொண்டு நிக்கும். விடிய வெள்ளைப் பனிப்புகார் வந்து மரத்தின்ர இடுப்புவரைக்கும் நிறைஞ்சிடும். அந்த நேரம் குசினி யன்னலுக்கால கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு பாத்தனெண்டால், புகார் தண்ணியாகும். தண்ணிக்குப் பின்னால நிக்கிறது வன்னியில, கண்டாவளையில எங்கட குளத்துக்கு மேல்பக்கத்துக் காடாகும். தேத்தண்ணி ஆறுமட்டும் நான் அங்கதான் நிப்பன். மருமகள் வந்து "மாமி" எண்டால் திரும்பி வந்திடுவன்.

போன கிழமை மார்கிறெற்றின்ர காட்டைப் பாக்க அரசாங்க ஆள் வந்தவர். அவாவின்ர ஒப்பந்தம் முடிஞ்சு போச்சாம், புதுசா எவ்வளவு கேக்கிறா எண்டு அறிய வந்தவராம். அதுக்கு அடுத்த நாள் எனக்கு ஊரில இருந்து ஒரு போன் வந்தது. அதிலயும் அதே விசயம்தான். ரெண்டும் சேர்ந்து வந்ததாலதான் எழுத இருந்தனான்.

2

அது என்ன ஒப்பந்தம் எண்டு எனக்குத் தெரிய வந்ததே ஒரு விறகுக் கதையால.

இஞ்ச வந்த புதுசில எனக்குப் பொழுது போகாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போயிடுவினம், பேத்தி மதுரா அப்ப நடக்கத் தொடங்கின குஞ்சு. வேலிக்கு அங்கால பாத்தால் காய்ஞ்ச மரமும் கொப்பும் சும்மா கிடக்குது. விறகு நிலத்தில கிடக்க, பாத்துக்கொண்டு இருக்கிற பொம்பிளை வன்னியில இல்லை. வேலியில ஒரு ஓட்டை கண்டுபிடிச்சன். பிள்ளையைத் தள்ளுவண்டியில வைச்சுக்கொண்டு போய்க் கொஞ்சம் கொஞ்சமாப் பொறுக்கி, கராச்சுக்குப் பக்கத்தில அளவா முறிச்சு, அடுக்கு குலையாமல் அடுக்கினன். மார்கிறெற் கண்டு கையைக் காட்டினா. நானும் காட்டினன். கிழவி சந்தோசப்படுறா, காணியைத் துப்புரவாக்கிக் குடுக்கிறன்தானே எண்டு நினைச்சன்.

அவா உண்மையில "வேண்டாம், வேண்டாம்" எண்டுதான் கையைக் காட்டினவவாம்.

பேந்து அரசாங்க ஆள் வந்து, விழுந்து கிடந்த கட்டையள் எங்க எண்டு தேட, அது எங்கட கராச்சடியில கோபுரம் மாதிரி நிக்குது. மகன் வேலையால வந்து தலையில கை வைச்சான்.

"அம்மா, அந்தக் கட்டையளுக்குள்ளதான் பல்லியும் எலி மாதிரிச் சின்னப் பிராணியளும் இருக்கிறதாம். எடுக்கக்கூடாதாம். எடுக்காமல் இருக்கிறதுக்குத்தான் அவாவுக்கு அரசாங்கம் காசு குடுக்குது."

"என்ன செய்யிறதுக்கு?"

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுக்கு. வெட்டாமல், மாடு விடாமல், விழுந்ததை எடுக்காமல்."

அவன் ஆறுதலா விளங்கப்படுத்தினான். காடு வைச்சிருக்கிற சொந்தக்காரரை அரசாங்கம் கேக்குமாம்: இவ்வளவு வருசத்துக்கு இதைக் காடாகவே விட்டுவைக்க உங்களுக்கு எவ்வளவு வேணும்? ஒவ்வொருத்தரும் தங்கட விலையை எழுதி, உறையில போட்டு ஒட்டிக் குடுப்பினமாம். ஆற்ற காடு நல்ல காடு, ஆர் குறையக் கேக்கினம் எண்டு பாத்து, கையில இருக்கிற காசு முடியுமட்டும் குடுத்துக்கொண்டு போவினமாம். மிச்ச ஆக்களுக்கு இல்லையாம்.

"குறையக் கேக்கிறவனுக்கோ? இதென்னடா தலைகீழ் ஏலம்!" எண்டன். எங்கட பிள்ளையார் கோயில்ல முதல் குலை வாழைப்பழத்தை ஏலம் விட்டால், கூடக் கேக்கிறவனுக்குத்தான் பழமும் பேரும். குறையக் கேட்டவன் சனத்துக்குப் பின்னால போய் நிப்பான்.

அடுத்த நாளே நானும் மார்கிறெற்றுமாக் கட்டையளைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டில போட்டம். எடுத்த இடம் எல்லாம் எனக்கு ஞாபகம். பொறுக்கின விறகைத் திரும்பக் காட்டில கொண்டுபோய்ப் போட்ட பொம்பிளை கண்டாவளையில என்னைத் தவிர ஒருத்தரும் இருக்கமாட்டினம். மார்கிறெற் சிரிச்சுச் சிரிச்சு ஒரு கட்டையில இருந்திட்டா. எனக்கு அவாவின்ர பாசை இல்லை, அவாவுக்கு என்ர பாசை இல்லை. அண்டையில இருந்து பின்னேரத்தில அவாவோட அந்தக் காட்டுக்குள்ள போய் இருக்கிறது பழக்கமாப் போச்சு. ஒண்டும் கதைக்கிறேல்லை. காத்து வந்தால் மேல இலையள் சலசலக்கும். கனக்க நேரம் கேட்டால் அது குளம் நிறைஞ்சு வான் பாயிற சத்தம் மாதிரி இருக்கும்.

3

சண்டை நிண்டு பாதை திறந்த காலத்தில எனக்கு எழுபது முடிஞ்சது. பிள்ளையள் எல்லாம் சேர்த்துக் காசு தந்து, "அம்மா, கைக்குக் காப்பு செய்யுங்கோ" எண்டாங்கள். நான் காசை வேண்டி இடுப்பில கட்டிக்கொண்டு, காப்பைச் செய்யாமல் ஊருக்கு வெளிக்கிட்டன்.

வவுனியா தாண்டி ஏ ஒன்பது பாதையில பஸ் போகப் போக, எதிர்ப்பக்கம் மரம் ஏத்தின லொறியள் வந்துகொண்டிருந்தது. எல்லாரும் திரும்பி வந்து வீடு கட்டுற காலம். வளை, தீராந்தி, கதவு நிலை எண்டு எல்லாத்துக்கும் மரம் வேணும். நான் ஆரைக் குறை சொல்லுறது? கூரை இல்லாதவனுக்கு மரம் கூரையாத்தான் தெரியும்.

எங்கட குளம் சின்னக் குளம். அதுக்கு மேல்பக்கம், மழைத்தண்ணி வாற பக்கத்தில நாலு காணி. ஒண்டு எங்கட. பக்கத்தில செல்லத்துரையின்ர. அதுக்கு அங்கால நாகேஸின்ர, தொங்கல்ல மாணிக்கத்தாரின்ர. இடம்பெயர்ந்து கிடந்த வருசங்களில நாலும் சேர்ந்து ஒரே காடாப் போச்சு. பாலை, வீரை, முதிரை, நடுவில முள்ளுப் பத்தை. எல்லை எது எண்டு மயிலுக்கும் தெரியாது, மனுசருக்கும் தெரியாது. உள்ள போனால் நிலம் மெத்தை மாதிரி. சருகில கால் வைச்சால் தண்ணி கசியும். கோடை காலம், ஊர்க் கிணறெல்லாம் அடியில கிடக்குது, எங்கட குளத்தில மட்டும் எருமை முதுகு தாழத் தண்ணி நிக்குது. நான் ஒரு பாலை மரத்துக்குக் கீழ கண்ணை மூடிக்கொண்டு இருந்தன். நான் மார்கிறெற்றின்ர காட்டில இருக்கிறனோ, என்ர காட்டில இருக்கிறனோ எண்டு கொஞ்ச நேரம் பிடிபடேல்லை.

அப்பதான் செல்லத்துரை வந்தான். ஐம்பது வயசு மட்டில, கறுத்த, நேரான மனுசன். என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுவான். "அக்கா, லொறிக்காரன் வந்து மரத்தைப் பாத்திட்டுப் போட்டான்" எண்டான். அவன்ர வீட்டுக்கு மேல பிளாஸ்ரிக் படங்குதான் கூரை. மாரி வரமுன்னம் ஓடு போடவேணும். மற்ற ரெண்டு காணிக்காரரும் அதே யோசினையில இருக்கினமாம்.

மேல்பக்கம் மொட்டையாப் போனால் மண் எல்லாம் குளத்துக்குத்தான் வரும். குளம் மேடாப் போனால் கீழ வயல் செய்யிற அவ்வளவு சனத்துக்கும் சிறுபோகம் இல்லை. இது எனக்கு மட்டும் தெரிஞ்ச விசயமில்லை, செல்லத்துரைக்கும் தெரியும். ஆனால் குளம் ஊருக்கு, கூரை அவனுக்கு.

இடுப்பில கட்டியிருந்த காப்புக் காசு எனக்குச் சுட்டது.

4

அடுத்த நாள் காலமை குளக்கட்டில மருதமரத்துக்குக் கீழ மூண்டு பேரையும் கூப்பிட்டன். ஊர்ச் சனமும் வந்திட்டுது. வெளிநாட்டுக்காரி கூப்பிட்டால் வராமல் இருப்பினமோ?

விசயத்தைச் சொன்னன். ஐஞ்சு வருசம் காட்டில கை வைக்கக்கூடாது. அதுக்கு ஆர் எவ்வளவு கேக்கிறியள்? என்னட்ட இருக்கிறது இவ்வளவுதான். குறையக் கேக்கிறவைக்கு முதல்ல.

மாணிக்கத்தார் வெத்திலையைத் துப்பிப்போட்டுச் சிரிச்சார். "சும்மா இருக்கிறதுக்குக் காசோ பூரணம்? அப்ப என்ர மூத்தவனுக்கு நீ கனக்கக் குடுக்கவேணும். அவன் பள்ளிக்கூடம் விட்ட நாள் துவக்கம் அதைத்தான் செய்யிறான்."

சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. மூத்தவனும் சிரிச்சான்.

நாகேஸ் புருசன் இல்லாமல் ஆடு வளத்துப் பிள்ளையளைப் பாக்கிறவள். அவள்தான் முதல்ல வாய் திறந்தாள். "நாப்பதாயிரம் தாங்கோவன் அக்கா."

செல்லத்துரை எழும்பினான். "ஒரு பொம்பிளை நாப்பது கேக்க, நான் அதுக்கு மேல கேக்கிறதோ? முப்பது."

"எனக்கு இருவது," எண்டார் மாணிக்கத்தார்.

"பத்து," எண்டான் செல்லத்துரை.

கோயில் ஏலம் மாதிரி சனம் கை தட்டத் துவங்கிட்டுது. கை தட்டத் தட்ட விலை இறங்குது. எனக்கு உள்ளுக்குள்ள நல்ல புளுகம். ஏழு பிள்ளையின்ர காப்புக் காசில ஒரு காடு மலிவா வருகுது எண்டு நினைச்சன். செல்லத்துரை சால்வையை உதறித் தோளில போட்டான்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம். பூரணம் அக்காவின்ர காசில நான் சீவிக்கிறேல்லை. சும்மா விடுறன்!"

பேந்து மாணிக்கத்தார் சும்மா இருப்பாரோ? அவரும் "சும்மா" எண்டார். நாகேஸ் நிலத்தைப் பாத்துக்கொண்டு, வெளியில கேக்காத குரல்ல, "எனக்கும் வேண்டாம் அக்கா" எண்டாள்.

மூண்டு பேருக்கும் சனம் கை தட்டிச்சுது. நான் அண்டைக்குப் பெரிய மனுசியா வீட்டுக்குப் போனனான். காசு முழுசா இடுப்பில இருந்தது.

5

ரெண்டு நாள் கழிச்சு, நான் பாலைக்குக் கீழ இருக்கேக்க கோடாலிச் சத்தம் கேட்டது. செல்லத்துரையின்ர பக்கத்தில இருந்துதான். ஓடிப்போனன். ஒரு முதிரை ஏற்கனவே சரிஞ்சு கிடக்குது.

"என்னடா இது? சொல்லுத் தந்தனியெல்லோ!"

அவன் கோடாலியை நிலத்தில ஊண்டினான். கோவப்படேல்லை. "அக்கா, நீங்கள் என்னட்ட ஏதும் வேண்டினியளோ? நான் உங்களிட்ட ஏதும் வேண்டினனோ? சபையில நிண்டு மானத்துக்காகச் சொன்னது. மாரிக்கு மானத்தை விரிச்சுக்கொண்டு கீழ படுக்கேலுமே?"

காசு வேண்டாதவனை எப்பிடிக் கேள்வி கேக்கிறது? மகன் சொன்னதில ஒட்டின உறை எண்டு ஒண்டு இருந்தது. அது வெள்ளைக்காரற்ர ஒரு வழக்கம் எண்டு நான் விட்டிட்டன். சபைக்கு முன்னால விலை கேட்டால் எங்கட ஆக்கள் விலை சொல்லமாட்டினம், தங்கட மானத்தைத்தான் சொல்லுவினம். ஆனால் உறைக்கு எங்க போறது? நாகேஸுக்கு எழுத்துத் தெரியாது. எழுதத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்தால் பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.

அண்டைக்கு மத்தியானம் இஸ்மாயில் நானா எங்கட சொந்தக்காரப் பெட்டையின்ர நாம்பன் மாட்டைப் பாக்க வந்தவர். முல்லைத்தீவுப் பக்கத்து மாட்டு வியாபாரி. தொண்ணூறில முஸ்லிம் சனத்தை வெளியேத்தேக்க ஊரை விட்டுப் புத்தளம் போய், பாதை திறக்கத் திரும்பி வந்து தொழிலைத் துவங்கின மனுசன். முற்றத்தில நாலு பேர் நிக்க, அவர் சால்வையை எடுத்துத் தன்ர கைக்கும் பெட்டையின்ர தகப்பன்ர கைக்கும் மேல மூடினார். சால்வைக்குக் கீழ விரலைப் பிடிச்சு விலை பேசிச்சினம். விரல் பிடிக்கிறது, விடுறது, முகத்தில ஒண்டும் இல்லை. எவ்வளவு எண்டு பக்கத்தில நிண்ட எனக்குத் தெரியாது. முடிஞ்சுது, ரெண்டு பேரும் சிரிச்சினம், மாடு போச்சுது.

"நானா," எண்டன், "எனக்கு ஒரு காடு பேசித் தரவேணும்."

அவர் விசயத்தைக் கேட்டிட்டு யோசிச்சார். "அக்கா, நான் விட்டிட்டுப் போன காணியும் திரும்பி வந்து பாக்கேக்க பத்தைதான். பத்தையா நிண்டதாலதான் எல்லைக்கல்லை ஒருத்தனும் பிடுங்கேல்லை. பேசித் தாறன். மாட்டுக்குத்தான் தரகு எடுப்பன், காட்டுக்கு எடுத்துப் பழக்கமில்லை."

திரும்பவும் மருதமரம். ஆனால் சனத்தைக் குளக்கட்டுக்கு அங்கால நிப்பாட்டினன். ஒரு விரலுக்குப் பத்தாயிரம். ஒவ்வொருத்தரா வந்து நானாவுக்கு முன்னால இருந்தினம். சால்வை மேல விழும், ஒரு அசைவு, சால்வை எடுபடும். நாகேஸ் முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்தாள். கையைத் தொடமாட்டன் எண்டு சொல்லி, நானா சால்வைக்குக் கீழ ஒரு பூவரசங் குச்சியைக் குடுத்தார். அவள் தன்ர விலையை அந்தக் குச்சியில தட்டினாள். செல்லத்துரை வந்து இருந்தான். குளத்தைப் பாத்துக்கொண்டே இருந்தான். அண்டைக்குக் காத்து இல்லை, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. சால்வை கொஞ்ச நேரம் அசையவே இல்லை, பேந்து ஒருக்கா அசைஞ்சுது.

நானா என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் காதுக்குள்ள சொன்னார். நாகேஸ் மூண்டு. செல்லத்துரை கையை முழுசாப் பிடிச்சிட்டான். மாணிக்கத்தார் முழுக் கையை ரெண்டு தரம் பிடிச்சார்.

காப்புக் காசு முதல் ரெண்டு பேருக்கும் சரியாக் காணும். மூண்டாம் ஆளுக்கு இல்லை. மாணிக்கத்தாரிட்ட நானே போய்ச் சொன்னன். "எனக்குத் தெரியும், உன்ர வெளிநாடு அவ்வளவுதான்" எண்டார். அவர் தன்ர காட்டை வித்து, நல்ல வீடு கட்டினார். அதில பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

செல்லத்துரை காசை வேண்டேக்க எண்ணேல்லை. "இப்ப கேளுங்கோ அக்கா," எண்டான். "இனிக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு."

6

திரும்பி வந்து, வெறுங்கையோட பிள்ளையளுக்கு முன்னால நிண்டன். "காப்பு எங்கம்மா?" எண்டாங்கள். "குளத்துக்கு மேல போட்டிருக்கு" எண்டன். இராசன் கோவத்தில ரெண்டு நாள் கதைக்கேல்லை. மதுரா என்ர மணிக்கட்டைப் பிடிச்சுச் சுத்திச் சுத்திப் பாத்தாள்.

சண்டை திரும்பவும் துவங்கிப் பாதை பூட்டிச்சுது. பேந்து நடந்ததுகளை நான் எழுதவேண்டாம், வாசிக்கிற உங்களுக்கு என்னைவிடத் தெரியும். அந்த மாசங்களில நான் மார்கிறெற்றின்ர காட்டுக்குப் போய்ப் பேசாமல் இருந்தன். அவாவும் வந்து பக்கத்தில இருப்பா. ஒருக்கா என்ர கையை எடுத்துத் தன்ர மடியில வைச்சிருந்தா. கண்ணை மூடினால் எங்கட குளம் வரும். தண்ணியில மரத்தின்ர நிழல் தலைகீழா நிக்கும், மரம் நிக்கிறதோ இல்லையோ எண்டு நிமிந்து பாக்கமுன்னம் கண் திறந்திடும்.

போன கிழமை பின்னேரம் போன் அடிச்சுது. பின்னால ஒரே சனச் சத்தம்.

"அக்கா, நான் செல்லத்துரை. வவுனியா நெளுக்குளத்தில ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ள, முகாம் எண்டு அடைச்சு வைச்சிருக்கினம். ஆற்றயோ போன், கனக்கக் கதைக்கேலாது."

"எல்லாரும் இருக்கிறியளோ?"

"இருக்கிற ஆக்கள் இருக்கிறம்."

பேந்து அவனே சொன்னான். "அக்கா, ஒரு விசயம் சொல்லத்தான் எடுத்தனான். காட்டில கை வைச்சிட்டன். வெளிக்கிட முன்னம், ஷெல் விழ விழ, பங்கருக்கு மேல போடக் குத்தி வேணுமெண்டு வெட்டினனான். வீரையும் முதிரையும். தவணை முடியக் கொஞ்ச மாசம்தான் கிடந்தது. தெரிஞ்சு கொண்டுதான் வெட்டினனான்."

"ஆற்ற பங்கர்?"

"எங்கட. நாகேஸ் அக்காவையின்ர. மாணிக்கத்தார் வீட்டுக்காரருக்கும். அவையின்ர காணியில மரம் இல்லைத்தானே."

"உன்ர பிள்ளையள்?"

"ரெண்டும் பக்கத்திலதான் நிக்குதுகள்."

"அப்ப சரி," எண்டன்.

"சரியோ அக்கா?"

"சரி எண்டிட்டன் எல்லே. பாலை?"

"பாலையில கை வைக்கேல்லை. நாங்கள் வெளிக்கிடேக்க அப்பிடியே நிண்டது."

குசினி யன்னலுக்கு வெளிய மார்கிறெற்றின்ர மரங்கள் இருளத் துவங்கியிருந்தது. முதல் நாள் அந்த அரசாங்க ஆள் மார்கிறெற்றிட்டக் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"செல்லத்துரை, ஐஞ்சு வருசம் முடிஞ்சு போச்சு. அடுத்த ஐஞ்சு வருசத்துக்கு எவ்வளவு கேக்கிறாய்?"

அந்தப் பக்கம் சனச் சத்தம் மட்டும். ஒரு பிள்ளை அழுகுது, ஒலிபெருக்கியில ஆற்றயோ பேர் கூப்பிடுகினம். போன் அறுந்து போச்சு எண்டு நினைச்சன். பேந்து அவன் மெல்லச் சிரிச்ச சத்தம் கேட்டது. அழுதானோ தெரியாது.

"இஞ்ச சுத்திவரச் சனம் அக்கா. என்னட்டச் சால்வையும் இல்லை."

"ஒருத்தரும் உன்னைப் பாக்கேல்லை. சொல்லு."

"இல்லை அக்கா. நான் அங்க போய் நிண்டு சொல்லுறன்."

அதோட போன் நிண்டு போச்சு.

அவன் விலை சொல்லுமட்டும் நான் இருக்கவேணும். கடதாசியில எனக்கு ரெண்டு வயசு குறைவு, அது உதவுமோ தெரியாது. ஊரில இதை வாசிக்கிற ஆக்கள் கண்டாவளைப் பக்கம் போக விட்டால், குளத்துக்கு மேல்பக்கம் ஒருக்கா எட்டிப் பாத்து, பாலை நிக்குதோ எண்டு எனக்குச் சொல்லிவிடுங்கோ.

மதுரா, இஞ்ச வா பிள்ளை. சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில படிக்கிற தமிழ் இதுக்குக் காணும். கதிரையை இழுத்துப்போட்டு இரு. முதல்ல இருந்து வாசி, மரத்தின்ர பேரெல்லாம் முழுசாச் சொல்லி வாசி. செல்லத்துரை கதைக்கிற இடம் வந்தால் மட்டும் சத்தத்தைக் குறை. அவனைச் சுத்திவரச் சனம் நிக்குது.